முடிவெடுப்பது யார்: அலுவலரா, மென்பொருளா, எழுதிவைத்த மதிப்பெண் பட்டியலா?

உதவித்தொகை, கடன், மாணவர் சேர்க்கை, வேலைவாய்ப்பு, காப்பீட்டு இழப்பீடு என்று மனித வாழ்க்கையின் திசையையே மாற்றக்கூடிய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் நிறுவனங்கள் ஏறக்குறைய எல்லாமே இன்று ஒரே நெருக்கடியில் இருக்கின்றன. குவிந்து கிடக்கும் கோப்புகளைப் பார்க்க ஆட்கள் போதவில்லை. நொடியில் பார்த்துத் தருவதாகச் சொல்லும் மென்பொருளோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை வாங்குவதா வேண்டாமா என்று மட்டும் விவாதிக்கும் கூட்டங்கள் பாதிக் கேள்வியோடு கலைந்துவிடுகின்றன. எந்த முடிவை, எந்த அளவுக்கு, என்ன நிபந்தனையோடு இயந்திரத்திடம் ஒப்படைப்பது என்பதுதான் மீதிக் கேள்வி; சிக்கல் முழுவதும் அந்த மீதியில்தான் இருக்கிறது.

நிர்வாகத்தின் முன் நான்கு வழிகள் உள்ளன. பழையபடி அலுவலர்களே கோப்பைப் படித்து முடிவெடுக்கலாம். முடிவு முழுவதையும் மென்பொருளிடம் விட்டுவிடலாம். மென்பொருள் பரிந்துரை சொல்ல, அலுவலர் இறுதிக் கையொப்பமிடலாம். நான்காவதாக, ஐந்தாறு அம்சங்களுக்கு மதிப்பெண் வகுத்து, யாரும் கையால் கூட்டிப் பார்க்கக்கூடிய ஒரு பட்டியலை வெளிப்படையாக வைத்து அதன்படி நடக்கலாம். இவற்றுள் மூன்றாவது வழியே இன்று பாதுகாப்பான நடுவழியாக எங்கும் முன்வைக்கப்படுகிறது. அந்த நம்பிக்கை பெரும்பாலும் ஆதாரமற்றது என்று கருதுகிறேன். காரணத்தைச் சொல்வதற்கு முன், எந்த அளவுகோலால் இந்த நான்கையும் அளப்பது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

விற்பனையாளர் முதலில் வைப்பது துல்லியத்தின் எண்ணை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து சரியாக வரும் என்பார். ஒரு லட்சம் விண்ணப்பங்கள் வரும் இடத்தில் அது ஐயாயிரம் தவறுகள் என்று பொருள். அந்த ஐயாயிரம் பேர் யார், தங்களுக்குத் தவறு நேர்ந்தது என்று அவர்களுக்குத் தெரியவருமா, தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவார்கள், திருத்தம் வருவதற்குள் அவர்கள் எதையெதை இழந்திருப்பார்கள் ஆகிய கேள்விகளுக்கு அந்த எண்ணில் பதில் இல்லை. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் கைக்கொள்ளும் அளவுகோல் இதுதான்: தவறு நேர்ந்தால் அது யார் கண்ணில் படும், எவ்வளவு நாளில் திருத்தப்படும், அதுவரை சுமை யார் தலையில் இருக்கும்.

அலுவலர் மட்டுமே முடிவெடுக்கும் முறை

இதை ஒரு பொற்காலமாக நினைவுகூர்பவர்கள் வரிசையில் நின்று பழகாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். ஒரே கோப்பு இரண்டு மேசைகளில் இரண்டு முடிவுகளைப் பெறுவதும், தெரிந்தவரின் பரிந்துரைக்கு ஒரு வேகமும் தெரியாதவரின் உண்மைக்கு ஒரு வேகமும் இருப்பதும், பெயரையும் பேச்சையும் வைத்தே ஆளை எடைபோடுவதும் கணினி வந்த பிறகு தோன்றியவை அல்ல. தாமதமும் ஒரு வகை நிராகரிப்பே. எட்டு மாதம் கழித்து வரும் உதவித்தொகை, அது தேவைப்பட்ட எட்டு மாதத்தைத் திருப்பித் தருவதில்லை.

ஆயினும் இம்முறைக்கு ஒரு நன்மை உண்டு. பத்து அலுவலர்கள் பத்து விதமாகத் தவறு செய்வார்கள்; ஒருவரின் தவறு ஒரே வடிவில் ஊர் முழுவதும் ஒரே இரவில் பரவாது. தவிர, எதிரே உட்கார்ந்து விளக்கம் சொன்னால் காதில் விழும் வாய்ப்பாவது இருக்கிறது. எந்த முறைக்கு மாறினாலும் இந்த இரண்டையும் இழக்கிறோமா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

முழுத் தானியங்கி முறை

ஆஸ்திரேலிய அரசு 2016இல் முழுவீச்சில் தொடங்கிய ‘ரோபோடெட்’ திட்டத்தை இதற்கு எடுத்துக்கொள்ளலாம். சமூக நல உதவி பெற்றவர்கள் தங்கள் வருமானத்தைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்களா என்று கண்டறிவது அதன் நோக்கம். உதவி பெறுவோர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருமானத்தைத் தெரிவித்துவந்தார்கள். வரித்துறையிடம் இருந்ததோ ஆண்டு வருமானம். மென்பொருள் அந்த ஆண்டுத் தொகையை 26ஆல் வகுத்து, ஒவ்வோர் இரண்டு வாரத்திலும் அதே தொகையை அவர் ஈட்டியதாகக் கணக்கிட்டது.

இது என்ன செய்கிறது என்பதை ஒரு கற்பனைக் கணக்கால் பார்ப்போம். ஒருவர் அரையாண்டு வேலை பார்த்து, இரண்டு வாரத்துக்கு 2,000 டாலர் வீதம் 13 முறை சம்பளம் வாங்குகிறார். பிறகு வேலை போய்விடுகிறது. அடுத்த அரையாண்டு உதவித்தொகையில் வாழ்கிறார். வருமானம் சுழியம் என்று ஒவ்வொரு முறையும் உண்மையாகத் தெரிவிக்கிறார். ஆண்டு வருமானம் 26,000 டாலர். 26ஆல் வகுத்தால் 1,000. இப்போது அந்த மனிதர் வேலையில்லாத 13 தவணைகளிலும் தவணைக்கு 1,000 டாலர் சம்பாதித்து மறைத்தவராகிவிடுகிறார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. வரித்துறையின் எண்ணும் உண்மை. இடையில் இருந்த ஒரு வகுத்தல்தான் பொய். பள்ளிக்கூடப் பிள்ளையும் கண்டுபிடிக்கக்கூடிய அந்தப் பிழையின் பேரில் கடன் கோரிக்கைக் கடிதம் போயிற்று. இல்லையென்று நிரூபிக்க வேண்டியது, பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடியெடுக்க வேண்டிய அந்த மனிதரின் வேலையாயிற்று.

இதற்கு முன்பும் முரண்பாடு தெரிந்த கோப்புகளைத் துறை விசாரித்துத்தான் வந்தது. ஆனால் அலுவலர் ஒருவர் எடுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் முதலாளியிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். ஆண்டுக்குச் சுமார் 20,000 என்றிருந்த நடவடிக்கைகள், மனிதரை விலக்கியதும் வாரத்துக்குச் சுமார் 20,000 ஆயின. அந்தச் சராசரிக் கணக்கின் பேரில் எழுப்பிய கடன் சட்டபூர்வமானதல்ல என்று 2019 நவம்பரில் கூட்டாட்சி நீதிமன்றத்தில் முடிவாயிற்று. 2020இல் ஏறக்குறைய 4,70,000 கடன்களுக்காக 72 கோடி ஆஸ்திரேலிய டாலரைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. 2023 ஜூலையில் வெளியான விசாரணை ஆணையத்தின் அறிக்கை, இது நியாயமானதும் அல்ல, சட்டத்துக்கு உட்பட்டதும் அல்ல, கரடுமுரடான கொடிய ஏற்பாடு என்று எழுதியது. கவனிக்க வேண்டியது, இதில் செயற்கை நுண்ணறிவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. ஒரு வகுத்தலும் ஓர் அஞ்சல் இயந்திரமும் போதுமானவையாக இருந்தன.

இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது பள்ளியிறுதித் தேர்வுகள் ரத்தானபோது நடந்தது வேறு வகை. ஆசிரியர்களின் மதிப்பீட்டை அப்படியே ஏற்றால் மதிப்பெண்கள் ஊதிவிடும் என்ற அச்சத்தில், ஒவ்வொரு பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளை வைத்து மாணவர்களின் தரநிலையைச் சீர்செய்யும் அல்காரிதம் பயன்படுத்தப்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது ஆசிரியர்கள் தந்த தரநிலைகளில் ஏறக்குறைய 40 சதவீதம் கீழிறக்கப்பட்டிருந்தன. நாட்டின் மொத்தக் கணக்கு முந்தைய ஆண்டுகளோடு பொருந்தி அழகாகவே நின்றது. ஆனால் இதுவரை சிறந்த முடிவு காணாத பள்ளியில் முதல்முறையாகத் தலையெடுத்த மாணவிக்கு, அவளுக்கு முன்னால் படித்துப் போனவர்களின் மதிப்பெண் கிடைத்தது. நான்கு நாளில், ஆகஸ்ட் 17 அன்று, அந்த முறை கைவிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஆண்டுக்கணக்கில் ஆனது இங்கு நான்கு நாளில் முடிந்ததற்குக் காரணம், இங்கு பாதிக்கப்பட்டவர்கள் அனைவருக்கும் ஒரே நாளில் முடிவு தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஆசிரியரின் மதிப்பீடும் இருந்தது. தனித்தனி வீடுகளில் தனித்தனி நாட்களில் வந்து சேரும் கடிதங்களுக்கு அந்தப் பலம் இல்லை. தவறு யார் கண்ணில் படும் என்று கேட்பதன் முக்கியத்துவம் இதுதான்.

இவ்வளவு சொன்னாலும் முழுத் தானியங்கி முறையை ஒட்டுமொத்தமாகத் தள்ளிவிடுவதை நான் ஏற்கவில்லை. அரசிடம் ஏற்கெனவே உள்ள பதிவுகளைச் சரிபார்த்தாலே தகுதி தெரிந்துவிடும் இடத்தில், தகுதியுள்ளவருக்கு உடனே ‘ஆம்’ என்று சொல்ல மென்பொருளைவிட நல்ல பணியாளர் கிடையாது. ஜெர்மனி 2017இல் தன் நிர்வாக நடைமுறைச் சட்டத்தில், அலுவலரின் விருப்புரிமைக்கோ மதிப்பீட்டுக்கோ இடமில்லாத, தனிச்சட்டம் அனுமதிக்கும் உத்தரவுகளை மட்டும் முழுவதும் தானியங்கியாகப் பிறப்பிக்கலாம் என்று எல்லை வகுத்தது. நல்ல எல்லைதான். அதோடு இன்னொன்றையும் சேர்க்க விரும்புகிறேன்: ‘ஆம்’ என்று சொல்ல இயந்திரத்துக்கு உரிமை தரலாம், ‘இல்லை’ என்று சொல்லவும், ஒருவரைக் குற்றம் சாட்டவும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் தரக் கூடாது.

பரிந்துரை இயந்திரம், கையொப்பம் மனிதர்

இனி அந்தப் புகழ்பெற்ற நடுவழி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிமுறையின் 22ஆம் பிரிவு, ஒருவரைக் கணிசமாகப் பாதிக்கும் முடிவு முழுக்கத் தானியங்கி முறையில் மட்டும் எடுக்கப்படாதிருக்கும் உரிமையை, சில விலக்குகளோடு, வழங்குகிறது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்டது. ஆனால் நடைமுறையில், ஒரு மனிதர் நடுவில் இருந்தால் போதும் என்ற எண்ணத்தையும் அது வளர்த்துவிட்டது.

அந்த மனிதரின் மேசையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். திரையில் இன்றைய அறுபதாவது கோப்பு. மேல் வலது மூலையில் சிவப்புப் பட்டையில் 87 என்று ஓர் எண். ஏன் 87 என்று திரையில் எங்கும் இல்லை. கீழே இரண்டு பொத்தான்கள்: ‘ஏற்கிறேன்’ என்பதை ஒருமுறை அழுத்தினால் அடுத்த கோப்பு வந்துவிடும், ‘மாற்றுகிறேன்’ என்பதை அழுத்தினால் காரணம் எழுதும் பெட்டி திறக்கும், குறைந்தது இரண்டு வரி எழுத வேண்டும், மேலாளருக்கு நகல் போகும். இயந்திரத்தோடு ஒத்துப்போய்த் தவறினால் பழி மென்பொருள் மீது. மறுத்துத் தவறினால் பழி தன் மீது. மாலைக்குள் இன்னும் முப்பது கோப்புகள். இந்த நிலையில் எத்தனை நேர்மையான அலுவலரும் எந்தப் பொத்தானை அழுத்துவார் என்பது அவருடைய குணத்தைச் சார்ந்ததல்ல. திரையை வடிவமைத்தவரே அதைத் தீர்மானித்துவிட்டார். கருவி சொல்வதை மனிதர் தம் கண்ணுக்கு மேலாக நம்பிவிடும் இந்தப் போக்கை விமானிகளிடமும் மருத்துவர்களிடமும் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டுவருகிறார்கள்.

நெதர்லாந்தின் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகை விவகாரம் இந்த வழியின் விளைவை முழுமையாகக் காட்டுகிறது. வரித்துறை 2013 முதல் பயன்படுத்திய இடர் மதிப்பீட்டு மென்பொருள், மோசடியாக இருக்கக்கூடும் என்று கருதும் விண்ணப்பங்களை அலுவலர்களிடம் அனுப்பியது. விண்ணப்பதாரர் டச்சுக் குடியுரிமை உள்ளவரா இல்லையா என்பதும் அது கணக்கில் கொண்ட அம்சங்களுள் ஒன்று. கோப்பைப் பார்க்க அலுவலர் இருந்தார். ஆனால் அந்தக் கோப்பு ஏன் தன்னிடம் வந்தது என்பதை மென்பொருள் அவருக்குச் சொல்லவில்லை. சந்தேகத்தோடு வந்த கோப்பில் சந்தேகத்துக்குரிய எதையாவது கண்டுபிடிப்பது யாருக்கும் கடினமல்ல; ஒரு கையொப்பம் விடுபட்டிருந்தாலும் போதும். சட்டத்தின் கடுமையும் சேர்ந்துகொள்ள, சிறு பிழைக்காக முழு உதவித்தொகையும் திருப்பிக் கேட்கப்பட்டு, 20,000க்கும் மேற்பட்ட பெற்றோர் மோசடிக்காரர்களாக நடத்தப்பட்டார்கள். வீட்டையும் மணவாழ்க்கையையும் இழந்தவர்கள் உண்டு. 2021 ஜனவரி 15 அன்று அமைச்சரவையே பதவி விலகியது. நடுவில் மனிதர் இருந்தும் நடந்தது இது.

பிரிட்டனின் அஞ்சலகக் கணக்கு மென்பொருளான ‘ஹொரைசன்’ விவகாரத்தில் நீதிமன்றம் என்ற மனித நிறுவனமே நடுவில் இருந்தது. 1999 முதல் கிளை அஞ்சலகங்களில் நிறுவப்பட்ட அந்த மென்பொருள் காட்டிய கணக்குப் பற்றாக்குறையின் பேரில் 900க்கும் மேற்பட்ட கிளைப் பொறுப்பாளர்கள் தண்டிக்கப்பட்டார்கள். எதிர்மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்று கொள்ளும் சட்ட ஊகம் அவர்களுக்கு எதிராக நின்றது. கணினியின் உள்ளே பார்க்கும் வசதியோ எதிர்த்தரப்பிடம் இருந்தது. மென்பொருளில் பிழைகள் இருந்ததை உயர்நீதிமன்றம் 2019 டிசம்பரில் உறுதிப்படுத்தியது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்யும் சட்டம் 2024இல்தான் வந்தது. திருத்தத்துக்கு ஆன காலத்தில் பலர் இறந்தே போனார்கள்.

அப்படியானால் இந்த வழி பயனற்றதா? சில நிபந்தனைகள் நிறைவேறினால் பயனுள்ளதுதான். அலுவலர் தம் கருத்தை முதலில் பதிந்த பிறகே இயந்திரத்தின் பரிந்துரை திரையில் தோன்ற வேண்டும். எண்ணோடு காரணமும் வர வேண்டும். மறுப்பதற்கு ஆகும் உழைப்பு, ஏற்பதற்கு ஆகும் உழைப்பைவிடக் கூடுதலாக இருக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அலுவலர்கள் எத்தனை விழுக்காடு கோப்புகளில் பரிந்துரையை மாற்றினார்கள் என்பது மாதந்தோறும் எண்ணப்பட வேண்டும். அது சுழியத்தை நெருங்குமானால் அந்த இடத்தில் மனிதர் இல்லை என்றே கொள்ள வேண்டும். இந்த நிபந்தனைகளை எந்த விற்பனையாளரும் தாமாகச் சொல்வதில்லை. ஏனெனில் இவற்றை நிறைவேற்றினால், ஆட்குறைப்பால் மிச்சமாகும் என்று அவர் காட்டிய தொகையில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

எழுதிவைத்த மதிப்பெண் பட்டியல்

புதிய தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் இதைச் சொல்வது பழமைவாதமாகத் தோன்றலாம். ஆனால் இதன் வரலாறு மதிப்புக்குரியது. அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வர்ஜீனியா ஆப்கார் 1952இல், பிறந்த குழந்தையின் நிலையை அறிய ஐந்தே அறிகுறிகளைத் தேர்ந்தெடுத்தார்: இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோல் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. பிறந்த முதல் நிமிடத்தில் செவிலியர் குழந்தையைப் பார்த்தபடியே மனத்தில் கூட்டிவிடலாம். ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி கூட்டலாம். பத்துக்கு மூன்று என்றால் அறையில் உள்ள அனைவருக்கும் அதன் பொருள் தெரியும். ஏன் மூன்று என்று கேட்டால், மூச்சுக்கு 0, நிறத்துக்கு 0 என்று விரல்விட்டுச் சொல்ல முடியும். உலகெங்கும் இன்றும் அது பயன்பாட்டில் இருக்கிறது.

எளிமையானால் துல்லியம் குறையும் என்ற எண்ணமும் பலநேரம் தவறாகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று கணிக்க அமெரிக்க நீதிமன்றங்கள் சிலவற்றில் பயன்படும் ‘காம்பாஸ்’ என்ற வணிக மென்பொருள், ஒருவரைப் பற்றி 137 விவரங்கள்வரை எடுத்துக்கொள்ளக்கூடியது. வயது, முந்தைய தண்டனைகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டை மட்டும் வைத்த ஓர் எளிய சமன்பாடு அதற்கு இணையான துல்லியத்தையே எட்டியதாக 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இரண்டும் மூன்றில் இரண்டு பங்கு அளவே சரியாக இருந்தன. மனித எதிர்காலத்தைக் கணிக்கும் விஷயத்தில் கூடுதல் தரவு கூடுதல் அறிவாக மாறுவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்கு அப்பால் நாம் வாங்குவது மறைவை மட்டுமே.

பட்டியலின் குறைகளை மறைக்கவும் கூடாது. எந்த அம்சத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று வகுக்கும் கையில் சார்பு இருந்தால் பட்டியலிலும் சார்பு இருக்கும். வெளிப்படையாக இருப்பதால் அதற்கேற்ப விண்ணப்பத்தை வளைத்து எழுதுபவர்கள் வருவார்கள். எந்தக் கட்டத்திலும் அடங்காத மனிதரை அது கைவிட்டுவிடும். காலம் மாறினாலும் பட்டியல் மாறாமல் கிடக்கும். ஆனால் இந்தக் குறைகள் எல்லாம் வெளிச்சத்தில் உள்ளவை. ஏழாவது வரியில் இந்தப் பிரிவினருக்கு இரண்டு மதிப்பெண் குறைகிறதே என்று ஒருவர் எழுந்து கேட்க முடியும். வாக்குப்பதிவு இயந்திர வழக்கில் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று சொன்ன கோட்பாட்டை இங்கு நினைக்கிறேன்: தேர்தலின் முக்கியமான கட்டங்களைச் சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடிய வேண்டும். தேர்தலுக்குச் சொன்னது, ஒருவரின் உதவித்தொகைக்கு மட்டும் ஏன் பொருந்தாது என்று எனக்கு விளங்கவில்லை.

உரையாடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்களை இந்த நான்கில் எங்கே வைப்பது என்ற கேள்வி 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்தது முதல் எழுகிறது. விண்ணப்பத்தைச் சுருக்குவதற்கும், விடுபட்ட ஆவணம் எது என்று சொல்வதற்கும், கடினமான விதியை விண்ணப்பதாரருக்குப் புரியும்படி எளிய மொழியில் விளக்குவதற்கும் அவை உண்மையிலேயே உதவுகின்றன. முடிவெடுக்க அவற்றை விடக் கூடாது என்பதற்கு இரண்டு காரணங்கள் போதும். அதே கோப்பை மறுநாள் கொடுத்தால் வேறு விடை வரலாம். கேட்டவுடன் அவை சொல்லும் காரணம், அந்த விடை உண்மையில் உருவான விதத்தோடு தொடர்பில்லாததாக இருக்கலாம். மேல்முறையீட்டில் நிற்க வேண்டிய முடிவுக்கு இந்த இரண்டு குறைகளும் ஆகாதவை.

எதை எங்கே வைப்பது

என் தேர்வு ஒரே வழியாக இல்லை. பதிவேட்டைச் சரிபார்த்தாலே தகுதி தெளிவாகும் விண்ணப்பங்களுக்கு மென்பொருளே ஒப்புதல் தரட்டும். இது வரிசையில் பெரும்பகுதியைக் கரைத்து அலுவலர்களின் நேரத்தை மீட்டுத் தரும். மீதமுள்ளவற்றுக்கு வெளியிடப்பட்ட மதிப்பெண் பட்டியல் முதல் அளவுகோலாக இருக்கட்டும். பட்டியலில் தேறாதவரை நிராகரிக்கும் அதிகாரம் பெயரும் மேசையும் உள்ள ஓர் அலுவலருக்கு மட்டுமே இருக்க வேண்டும். மீட்கப்பட்ட நேரத்தை அவர் செலவிட வேண்டிய இடம் இதுதான். இயந்திரக் கற்றல் வழியான, அதாவது பழைய தரவுகளிலிருந்து மென்பொருள் தானே கற்றுக்கொண்டு சொல்லும், பரிந்துரையை, முன்சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்ற முடிந்த நிறுவனங்கள் மட்டும், அதுவும் தவறினால் எளிதில் திருத்தக்கூடிய முடிவுகளுக்கு மட்டும் கைக்கொள்ளட்டும். பணம் திருப்பிக் கேட்பது, குற்றம் சாட்டுவது, குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது போன்றவற்றுக்கு அது வேண்டாம்.

நிராகரிப்புக் கடிதத்தின் வாசகம் வரை இதைக் கொண்டுபோக வேண்டும். ‘தங்கள் விண்ணப்பம் தகுதி வரையறையைப் பூர்த்தி செய்யவில்லை’ என்ற ஒற்றை வரி எதையும் சொல்வதில்லை. அமெரிக்கக் கடன் சட்டப்படி, கடன் மறுக்கப்பட்டவர் மறுப்புக்கான குறிப்பிட்ட காரணங்களைக் கேட்டுப் பெற உரிமை உண்டு; மதிப்பெண் போட்டது கணினி என்று சொல்லிக் கடன் நிறுவனம் அதிலிருந்து தப்ப முடியாது. எந்த வரியில் எத்தனை மதிப்பெண் குறைந்தது, எந்த ஆவணம் தந்தால் அது மாறும், யாரிடம் மேல்முறையீடு செய்வது, மேல்முறையீடு முடியும்வரை நடவடிக்கை நிறுத்திவைக்கப்படுமா ஆகிய நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். நான்காவதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவிலும் நெதர்லாந்திலும் குடும்பங்களை உடைத்தது தவறு மட்டுமல்ல. தவறா சரியா என்று தெரிவதற்கு முன்பே பணம் பிடிக்கப்பட்டதும்தான்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதற்கு முன் செய்ய வேண்டிய ஒரு வேலை பாக்கியிருக்கிறது. ஏற்கெனவே முடிவாகி, மேல்முறையீட்டில் மாற்றப்பட்ட பழைய கோப்புகளை எடுத்துப் புதிய முறையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். விற்பனையாளர் தேர்ந்தெடுத்த மாதிரிகளை வைத்து அல்ல, நிறுவனம் தானே தவறு செய்து திருத்திக்கொண்ட கோப்புகளை வைத்து. அந்த மனிதர்களைப் புதிய முறை மறுபடியும் நிராகரிக்கிறதா என்று பார்த்து, நிராகரிக்கிறது என்றால் அந்தக் கோப்புகளை மேசைமேல் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம்.